அஞ்சு வாட் எமன்

அமாவாசை அந்தப் பெட்டியை மடியில் வைத்திருந்த விதத்தைப் பார்த்தால், உள்ளே நல்லபாம்பு இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இரண்டு கையும் பெட்டியில் படாமல் காற்றில் நின்றன. கார் பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் முழங்கையால் அணைத்துக்கொள்வான், ஏறியதும் விட்டுவிடுவான்.

“மேடம், இதை டிக்கியில போட்டிருக்கலாம்.”

“குலுங்கினா உள்ள இருக்குற வால்வு ஒடஞ்சிடும்” என்றாள் சிந்தாமணி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நான் குலுங்கினா பரவால்லீங்களா?”

“நீ ஒடஞ்சா ஒட்டிக்கலாம். இது கெடைக்காது.”

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோடு. எதிரே சிமெண்ட் லாரிகள் வரிசைகட்டி வந்தன. ஒவ்வொன்றும் தாண்டும்போது பழைய மாருதி ஒருதரம் நடுங்கியது. அதைவிட அமாவாசை நடுங்கினான்.

“பிளக்கைப் புடுங்கின பொட்டி யாரை என்ன பண்ணப்போவுது?”

“பண்ணும் மேடம். நேத்து யூட்யூப்ல பாத்தேன். பிளக்கைப் புடுங்கினாலும் உள்ள கெப்பாசிட்டர்ல முந்நூறு வோல்ட் படுத்துத் தூங்குமாம். தெரியாம எழுப்பினா ஒரே அறைதான். எங்க மாமனார் மாதிரி.”

சிந்தாமணி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காத நாளில்தான் அவனுக்கு இன்னும் பயம் வரும்.

சிந்தாமணிக்கு நாற்பத்தெட்டு வயது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைத் தோண்டியெடுத்து அலுத்துப்போய், பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்தவள். அமாவாசை அவளுடைய ஒரே ஆள். அதற்கு முன்னால் கல்யாணக் கச்சேரிகளில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் ஈரக்கையோடு கிரைண்டரைத் தொட்டு, சுவர்வரைக்கும் தூக்கியெறியப்பட்டவன். இன்றைக்கும் வீட்டில் மோட்டார் போட வேண்டுமென்றால் அவன் மனைவிதான் போடவேண்டும். அவன் வாசலில் நின்று, “ஓடுதா?” என்று கேட்பான்.

அப்படிப்பட்டவன் மடியில்தான், ஒரு மனிதனைக் கொன்ற பெட்டி.

பழைய வால்வு ரேடியோ தெரியும் அல்லவா? அதே வம்சம்தான் இந்தப் பெட்டியும். கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப். அஞ்சே வாட்டு. பெரிய ஆம்ப்பை முழுச் சத்தத்தில் வைத்தால் தெருவே சண்டைக்கு வரும். இந்தச் சின்னதை முழுக்கத் திருகினாலும் ஒரு ரூமுக்குள் அடங்கும், ஆனால் வால்வு சூடேறிக் குரல் தழுதழுக்கும். அந்தத் தழுதழுப்புக்காகவே பைத்தியமாக அலைகிறவர்கள் உண்டு. பெரம்பலூர் துறைமங்கலத்தில் இருந்த கலைச்செல்வன் அப்படி ஒரு பைத்தியம். ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். இருக்கிறதிலேயே மலிவான வால்வு ஆம்ப்பாகப் பார்த்து வாங்கி, ஸ்பீக்கரை மாற்றி, சீன வால்வைப் பிடுங்கிப் பழைய ரேடியோ வால்வைச் சொருகி, “முன்னால இப்படி, இப்போ இப்படி” என்று வாசித்துக் காட்டி வீடியோ போடுவான். உள்வேலை எல்லாம் அவன் சிநேகிதன் முத்தமிழ்செல்வனுடையது. ரெட்டிபாளையத்துக்காரன், எலக்ட்ரிக்கல் டிப்ளமோ, சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் வேலை.

மாசி மாதத்தில் ஒரு நாள், கலைச்செல்வன் வாடகைக்கு எடுத்திருந்த பயிற்சி ரூமில் செத்துக் கிடந்தான். ஆம்ப்பின் பின்பலகை கழற்றிக் கிடந்தது. அவன் கை உள்ளே இருந்தது. கூட இருந்தது முத்தமிழ்செல்வன் மட்டும். அவன் சொன்னது இவ்வளவுதான்: “வால்வை மாத்தலாம்னு கையை உள்ள வுட்டான். அந்த நேரம் பாத்து அவன் போன் அடிச்சுது. திடுக்குன்னு திரும்பினான். கை பட்டுடுச்சு.”

போன் செய்தது கலைச்செல்வனின் மனைவி கீதாஞ்சலி. வரும்போது கொத்தமல்லி வாங்கிவரச் சொல்ல.

கரண்ட் அடித்துத்தான் செத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதனால் கரண்ட் எந்த வழியாக வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பெட்டியை வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

போன வாரம் கீதாஞ்சலி ஆபீஸ் மாடியேறி வந்தாள். மாமியாரும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். சாவுக்குப் பிறகு மாமியார் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உட்காரச் சொன்னபோதும் கீதாஞ்சலி உட்காரவில்லை.

“கொலைகாரனைக் கண்டுபுடிச்சுக் குடுங்கன்னு நான் வரலீங்க. கொன்னது நானான்னு மட்டும் கண்டுபுடிச்சு சொல்லுங்க.”

வேறு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. கிளம்பும்போதுதான், கதவைப் பிடித்துக்கொண்டு, ஒன்று சொன்னாள். “குளிப்பாட்டுறப்ப பாத்தேன். கீழ் உதட்டுல மிளகு மாதிரி கருப்பா ஒரு புள்ளி. வலியில கடிச்சிருப்பாருன்னு சொன்னாங்க.”

அப்போதிலிருந்து சிந்தாமணி சிரிக்கவில்லை.

* * *

ரெட்டிபாளையத்தில் முத்தமிழ்செல்வன் வீட்டு முருங்கை மரத்தின் மேல்கூட வெள்ளையாக ஆலைத்தூசி படிந்திருந்தது. வாசலில் செருப்புகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. சிந்தாமணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த அமாவாசை, காலாலேயே செருப்பை உதறப் பார்த்தான்.

வாசலுக்கு வந்த முத்தமிழ்செல்வனின் கண் முதலில் போனது பெட்டிமேல். அப்புறம்தான் ஆள்மேல். ஒல்லியான ஆள். முப்பது வயதுக்கு அதிகமாகவே முகம் ஒடுங்கியிருந்தது.

“அண்ணி குடுத்துட்டாங்களா! எத்தனை தடவ கேட்டேன். அவன் ஞாபகமா நானே வெச்சுக்கிறேன்னு… குடுங்க சார்.” கையை நீட்டியவன், அமாவாசையின் காலைப் பார்த்தான். “வேணாம் சார், செருப்பைக் கழட்டாதீங்க. அப்படியே வாங்க. மேடம், நீங்களும் போட்டுக்கிட்டே வரலாம், தூசி.”

“இருக்கட்டும் தம்பி. பழக்கமாயிடுச்சு” என்றாள் சிந்தாமணி. முத்தமிழ்செல்வன் வெறுங்காலோடுதான் நின்றிருந்தான்.

வேலை ரூம் பின்னால் இருந்தது. அலமாரியில் பின்பக்கம் திறந்த ஆம்ப்கள், கண்ணாடி வால்வுகள், ஒரு மேசைமேல் மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன மிக்சர், அதில் சொருகிய மைக் ஸ்டாண்டோடு நின்றது. சுவரில் ஒரு கிட்டார். எல்லாவற்றின் மேலும் மெல்லிய தூசி. ரூமில் கொஞ்ச நாளாக யாரும் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது.

“வெச்சிட்டுப் போங்க மேடம், நான் பாத்துக்கிறேன்.”

“வைக்கத்தான் வந்தோம். அதுக்கு முன்னால ஒரு தடவ ஓட்டிப் பாத்துடலாம். இது இன்னும் பாடுதான்னு கீதாஞ்சலிக்குத் தெரியணுமாம்.” சிந்தாமணி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “அமாவாசை, அந்தக் கிட்டாரை எடு.”

அமாவாசை பெட்டியைத் தரையில் வைத்தான். “மேடம்… கார்ல இதைப் பேசலையே.”

“அதான் இப்ப பேசுறேன்.”

“வேணாம் மேடம்” என்றான் முத்தமிழ்செல்வன் அவசரமாக. “ஏதாவது ஃபால்ட் இருக்கும். நான் முதல்ல திறந்து பாத்துட்டு…”

“என்ன ஃபால்ட்டு? பின்பலகை மூடியிருக்கு. கை உள்ள போனாதானே ஆபத்து? நீங்கதானே சொன்னீங்க.”

முத்தமிழ்செல்வன் பெட்டியிலிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்தான். அமாவாசை அதைப் பார்த்தான். ‘இவன் எதுக்கு என்னைவிட அதிகமா பயப்படுறான்?’ என்று ஒரு நினைப்பு ஓடியது. ஓடிய வேகத்தில் அதுவும் பயமாக மாறியது.

“செருப்பு போட்டிருக்காருல்ல… சும்மா வாசிச்சா ஒண்ணும் ஆவாது” என்றான் முத்தமிழ்செல்வன், யாரிடமோ சொல்வதுபோல.

சிந்தாமணியே பிளக்கைச் சொருகினாள். அமாவாசை நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டான்.

“காலை ஏன் தூக்குற?”

“தவம் பண்றேன் மேடம். நான் போயிட்டா பொண்டாட்டிகிட்ட மோட்டாரை ஆஃப் பண்ணச் சொல்லுங்க.”

சுவிட்ச் விழுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அமாவாசை கண்ணை இறுக மூடிக்கொண்டு கம்பிகளை ஒரே இழுப்பாக இழுத்தான்.

சத்தமே இல்லை.

“செத்துட்டேனா?”

“வால்வு சூடாவணும். கொஞ்சம் பொறுங்க” என்றான் முத்தமிழ்செல்வன். பெட்டியின் மேல் ஓட்டைகளில் மெதுவாக ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் பிறந்தது. யாரோ இருட்டில் கண் விழிப்பதுபோல. பிறகு எங்கோ அடியாழத்திலிருந்து ‘ங்ம்ம்ம்’ என்று ஒரு முனகல் எழும்பி வந்தது. அமாவாசையின் பிடரி மயிர் நட்டுக்கொண்டது.

மறுபடி இழுத்தான். அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. மெல்லத் தொட்டால் கண்ணாடிபோலத் துல்லியம்; அழுத்திவிட்டால் அழுதுமுடித்தவன் குரல்போல உடைந்து வந்தது. பத்துப் பதினைந்து வருஷம் மேடையில் வாசித்தவன், தன் விரலை அன்றைக்குத்தான் கேட்டான். ஒரு நிமிஷத்துக்குப் பயம்கூட மறந்தது. தூக்கியிருந்த கால் தானாகத் தரைக்கு இறங்கித் தாளம் போட்டது.

“கலைச்செல்வன் பாடிக்கிட்டேதானே வாசிப்பாரு?” என்றாள் சிந்தாமணி.

முத்தமிழ்செல்வனின் பார்வை மைக் ஸ்டாண்டுக்குப் போனது.

அவள் மேசையோரம் இருந்த மைக் ஸ்டாண்டை நகர்த்திக்கொண்டு வந்து, மைக்கை அமாவாசையின் வாய்க்கு நேராக வைத்தாள். மிக்சரைப் போட்டாள். “நீயும் பாடு.”

“என்ன பாட்டு மேடம்?”

“எதையாவது. சரிகம பாடு. கிட்ட போய்ப் பாடு, கேக்க மாட்டேங்குது.”

இடது கை கம்பிமேல். அமாவாசை கழுத்தை நீட்டினான். மைக்கின் வலைத்தலை மூக்குக்கு நேரே வந்தது. இரும்பு வாசனை. “ஸ…” என்று உதட்டைக் குவித்தபோது, ஓரக்கண்ணில் முத்தமிழ்செல்வனின் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் ரத்தமே இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது அமாவாசையின் கையை அல்ல, பெட்டியை அல்ல. உதட்டை.

இன்னும் ஒரு விரல்கடை.

“தொடாதீங்க! மைக்கைத் தொடாதீங்க!”

முத்தமிழ்செல்வன் பாய்ந்தான். ஸ்டாண்டு ஒருபக்கம் பறந்தது. அவன் தரையில் விழுந்து பிளக்கைப் பிடுங்கினான். அமாவாசை நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, அலமாரியில் முட்டி, கிட்டாரைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தான். பெட்டியின் முனகல் மெலிந்து மெலிந்து அடங்கியது.

சிந்தாமணி இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

“ஏன் தம்பி?” என்றாள் மெதுவாக. “கை உள்ள போனாதானே ஆபத்து? மைக்கைத் தொட்டா என்ன?”

முத்தமிழ்செல்வன் பிளக்கைக் கையில் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்திருந்தான்.

“அந்த ரூம்ல மைக் இருந்ததா யாரும் சொல்லலையே. போலீஸ்ல சொல்லல, நீங்க சொல்லல. போட்டோவுல இல்ல. ஆனா செத்தவன் உதட்டுல ஒரு புள்ளி இருந்துச்சு. குளிப்பாட்டின பொண்டாட்டி ஒருத்திதான் அதைப் பெருசா எடுத்துக்கிட்டா. கையால செத்தவனுக்கு உதடு எதுக்குக் கருகணும்? கைல கம்பி, வாயில எர்த் ஆன மைக். நெஞ்சு வழியா போயிருக்கு.”

அவள் கைப்பையைத் திறந்து, புளிப்பு மிட்டாய் அளவில் பழுப்பாக ஒரு சாமானை எடுத்து மேசைமேல் வைத்தாள். “முந்தாநாள் திருச்சியில ஒருத்தர்கிட்ட இந்தப் பொட்டியைத் திறந்து காட்டினேன். எர்த் ஒயரை யாரோ வெட்டியிருக்காங்க. அதுக்குப் பதிலா இந்தக் கெப்பாசிட்டரைக் கரண்ட் ஒயர்லேர்ந்து பொட்டியோட இரும்புத் தகட்டுக்குப் பத்தவெச்சிருக்காங்க. இது பழுதாயிடுச்சுன்னா தகடு வழியா கிட்டார் கம்பி பூரா கரண்ட்டு. அவர் இதை எடுத்துட்டு எர்த்தைச் சரிபண்ணிக் குடுத்துட்டாரு. வேலை கலைச்செல்வனோடதா, உங்களுதான்னு மட்டும்தான் எனக்குத் தெரியாம இருந்துச்சு.”

அமாவாசை கீழே கிடந்தபடியே தலையைத் தூக்கினான். “அப்ப… இது நல்ல பொட்டியா?”

“ஆமா.”

“இதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மேடம்!”

“உன் மூஞ்சிக்கு நடிக்க வராது. நீ நெசமா நடுங்கினாதான் அவர் நம்புவாரு.”

“நடுங்குறதுக்குத் தனிச் சம்பளம் போடுங்க” என்றான். ஆனால் பல் தந்தியடித்தது. சொன்னது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

முத்தமிழ்செல்வன் பேச ஆரம்பித்தபோது அழவில்லை. வெகுநாளாக உள்ளே பூட்டி வைத்திருந்ததைத் திறந்து காட்டுகிறவன்போலப் பேசினான்.

“இரைச்சல் போவல மேடம். ரெக்கார்டிங்ல ங்ம்ம்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கலை அதுக்கு ரொம்ப சங்கடப்பட்டான். எர்த்தை எடுத்துட்டு இதைப் போட்டா அடங்கும்னு எனக்குத் தெரியும். ஆபத்துன்னும் தெரியும். ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன். அவன்கிட்ட சொல்லல. சொன்னா வேணாம்பான். இரைச்சல் நின்னதும் என்னைக் கட்டிப்புடிச்சான்.” அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். “அன்னைக்குப் பாடிக்கிட்டே வாசிச்சான். ரெண்டாவது வரில உதடு பட்டுச்சு. நான் புடுங்குறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு.”

“அப்புறம்?”

“மைக்கை எடுத்து ஒளிச்சேன். பலகையைக் கழட்டினேன். அவன் கையை…” நிறுத்தினான். “அதைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போது அவன் போன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு மேடம். அண்ணி பேருதான் வந்துது. யாரு கேட்டாலும் ஒரு காரணம் வேணுமே. அதையே சொல்லிட்டேன்.”

அமாவாசைக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் குளிர்தான் வந்தது. செத்தவன் கையைத் தூக்கி வைக்கிற ஒரு ஆள். பக்கத்தில் கொத்தமல்லிக்காக அடிக்கிற போன்.

சிந்தாமணி எழுந்தாள். “கெளம்புங்க. ஸ்டேஷன்ல போய் இதையே சொல்லுங்க.”

“வரேன் மேடம். ஆனா…” முத்தமிழ்செல்வன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். “இன்னொண்ணு இருக்கு.”

“என்ன இன்னொண்ணு?”

“இதே பொட்டி. இதே மாதிரி பண்ணது. அதே கெப்பாசிட்டர். கீழப்பழுவூர்ல பூங்குழலின்னு ஒரு பொண்ணு, காலேஜ் படிக்குது, எங்க வீடியோ பாத்துட்டு எங்கிட்ட வாங்கிச்சு. சர்வீஸ் பண்ணணும், குடுத்தனுப்புன்னு போன்ல கெஞ்சிட்டேன். நல்லாதானே இருக்குன்னுது. ஏன்னு சொன்னா கலை எப்படிச் செத்தான்னு தெரிஞ்சிடும்னு…” அவன் தரையிலிருந்து எழுந்தான். “அது வூட்ல தனியாதான் வாசிக்கும், மைக் கெடையாது. ஆனா இன்னைக்கு சாயங்காலம் சிநேகிதி கல்யாண ரிசப்ஷன்ல மேடையில பாடப்போறதா காலையில ஸ்டேட்டஸ் போட்டிருக்கு.”

* * *

அரியலூர் டவுனைக் கடக்கும்வரை சிந்தாமணி வேகத்தைக் குறைக்கவில்லை. பின்சீட்டில் முத்தமிழ்செல்வன் பூங்குழலிக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டுக்கொண்டிருந்தான். மணி அடித்தது. எடுக்கவில்லை. மண்டபத்துப் பெயர் ஸ்டேட்டஸில் இருந்தது; அங்கே யாருடைய நம்பரும் தெரியாது.

ரயில்வே கேட்டைத் தாண்டியதும் முன்னால் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி. அதற்கு முன்னால் இன்னொன்று. சிந்தாமணி ஹாரனை அழுத்திப் பிடித்தாள். லாரிக்காரன் ஆற அமர வழிவிட்டான். கடக்கும்போது கல்பொடி கண்ணாடிமேல் பொழிந்து ரோடே மறைந்தது. வேறொரு நாளாக இருந்தால் அமாவாசை தன் ஈமச்சடங்கைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பான். இன்று ஒரு சொல்கூட வரவில்லை. யாரென்றே தெரியாத ஒரு பெண் உதட்டைக் குவித்துக்கொண்டு மைக்கை நோக்கிக் குனிவது மட்டும் கண்ணுக்குள் நின்றது.

மண்டபத்து வாசலில் வாழைமரம். வெயில் இன்னும் சாயவில்லை. கார் நிற்பதற்கு முன்பே அமாவாசை குதித்து ஓடினான். உள்ளே சந்தனம், சாம்பார், சென்ட் எல்லாம் கலந்த வாசனை. ஸ்பீக்கரில் பாட்டு காதைப் பிளந்தது. மேடையில் பொண்ணு மாப்பிள்ளை. பரிசு கொடுக்க நீளமான வரிசை. மேடையின் இடது ஓரத்தில், பச்சைப் பட்டுப்பாவாடை தாவணியில் ஒரு பெண், தோளில் கிட்டாரோடு நின்றாள். காலடியில் அதே சின்னப் பெட்டி. சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஏம்மா! பாடாதே! ஏம்மா!”

யாருக்குக் கேட்கும்? ஸ்பீக்கர் பாட்டு அப்போதுதான் நின்றது. அவள் பாடுவதற்காகவே நிறுத்தியிருந்தார்கள். கூட்டம் கை தட்டியது. பூங்குழலி சிரித்தபடி கம்பிகளை ஒருதரம் வருடினாள், சத்தம் வரவில்லை. பெட்டியை எட்டிப் பார்த்தாள். சூடாகட்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. காத்திருந்தாள்.

அமாவாசை நாற்காலிகளின் மேல் ஏறி ஓடினான். மேடைக்குப் பின்னால் போனான். அங்கே தரையில் கிடந்ததைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. ஒரு மரப்பலகையில் ஏழெட்டு பிளக்குகள். பாதிக்கு மேல் பிளக்கே இல்லாமல் வெறும் ஒயரைச் சொருகித் தீக்குச்சி வைத்து இறுக்கியிருந்தது. பலகையைச் சுற்றித் தரை ஈரம். ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்து வழிந்த தண்ணீர்.

அந்தப் பக்கம், திரைக்கு அப்பால், கிட்டார் மெல்ல ஒலிக்கத் தொடங்கியது.

எது அவளுடைய ஒயர்? தெரியாது. கத்தினால் கேட்காது. குச்சி தேடினான். இல்லை. கிரைண்டர் தூக்கியெறிந்த அந்த ஏழு வயதுப் பையன் உள்ளுக்குள் ஓலமிட்டான். திரையின் இடைவெளியில் பூங்குழலியின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. முன்முடியை ஒதுக்கிவிட்டு, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

அமாவாசை கண்ணை மூடவில்லை. ஈரத்தில் காலை வைத்து, மொத்தப் பலகைக்கும் கரண்ட் வருகிற தடித்த கருப்பு ஒயரை இரண்டு கையாலும் பிடித்து, சுவரிலிருந்து பிய்த்து இழுத்தான்.

‘டப்’ என்று ஒரு நீலப்பொறி. மேடை இருண்டது. ஸ்பீக்கர் செத்தது. கிட்டார் அடங்கியது. ஒரு நொடி மண்டபமே மூச்சு விடவில்லை. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் அவன் சட்டையைப் பிடித்தார். இன்னொருவர் முதுகில் ஒன்று வைத்தார். “குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்றியாடா?” அமாவாசை அடியை வாங்கிக்கொண்டே, “அந்தப் பொண்ணு? அந்தப் பொண்ணு நல்லாருக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

திரையை விலக்கிக்கொண்டு பூங்குழலியே வந்தாள். “யாருங்க நீங்க? எதுக்கு ஒயரைப் புடுங்குனீங்க?”

அமாவாசை அவளைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

சிந்தாமணி கூட்டத்தை விலக்கி வந்து சேர்ந்தாள். யாரோடும் வாதாடவில்லை. கிட்டாரைத் தரையில் வைக்கச் சொன்னாள், எல்லாரையும் விலகி நிற்கச் சொன்னாள், மண்டபத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பெட்டிக்கு மட்டும் வேறு இடத்திலிருந்து கரண்ட் கொடுக்கச் சொன்னாள். அவர் டெஸ்டரைக் கிட்டார் கம்பியில் வைத்தார்.

டெஸ்டருக்குள் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

சட்டையைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. பூங்குழலி தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கூட்டத்தின் கடைசியில், யாரும் கேட்காமலே, முத்தமிழ்செல்வன் சொன்னான்: “நான்தாங்க பண்ணது.”

* * *

பெரம்பலூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் துறைமங்கலத்தில் நிறுத்தச் சொன்னது அவன்தான். விளக்கேற்றி முடித்த நேரம். கீதாஞ்சலி கதவைத் திறந்தாள். மாமியார் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

முத்தமிழ்செல்வன் வாசலைத் தாண்டவில்லை. “அண்ணி, நீங்க போன் பண்றதுக்கு முன்னாலயே அவன் போயிட்டான். போன் அடிச்சப்ப அவன் உசுரோட இல்ல. நான் பொய் சொன்னேன்.” மீதியையும் சொன்னான். எர்த் ஒயர், மைக், கையைத் தூக்கி வைத்தது, பூங்குழலி. ஒன்றையும் குறைக்கவில்லை.

கீதாஞ்சலி திட்டவில்லை. அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சிந்தாமணியிடம் கேட்டாள், “அந்தப் பொண்ணு?”

“நல்லா இருக்கு.”

“அந்தப் பொட்டி அங்கயேவா இருக்கு?” அவள் குரலில் புதிதாக ஒரு பயம் வந்தது. “தெரியாம வேற யாராவது சொருகிடப்போறாங்க.”

அமாவாசை சட்டைப் பையில் கையை விட்டான். பூங்குழலியின் பெட்டியிலிருந்து கத்தரியால் அவனே வெட்டியெடுத்த பிளக், ஒரு சாண் ஒயரோடு. “இனிமே யாரும் சொருக முடியாதுங்க.”

கீதாஞ்சலி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு நிலைப்படியிலேயே உட்கார்ந்து, அதைக் கையில் இறுக்கிக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மாமியார் எழுந்து வந்தாள். அப்புறம் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, மருமகள் பக்கத்தில் அதே படியில் இடம் பார்த்து உட்கார்ந்தாள்.